செய்திக்கும் ஒரு கணக்கு வைப்போம்



குழுவில் 500 ரூபாய் உள்கடன் கொடுப்பதென்றாலும் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! யாருக்கு, எதற்கு, எப்போது திருப்பிக் கட்டுவார் என்றெல்லாம் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கை மாறுகிறது. ஆனால் செல்போனில் ஒரு செய்தி வந்தால்? முழுசாகப் படிப்பதற்கு முன்பே பத்துப் பேருக்குத் தள்ளி விடுகிறோம். பணத்தைவிடச் செய்தி அவ்வளவு மலிவா என்ன?

எழுத்து நம் கைக்கு வந்த கதை

இந்தியாவில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்தது 1578-ஆம் ஆண்டிலேயே, கொல்லத்தில். ஆனால் அதற்கு 400 வருஷம் கழித்து, 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்தபோது, தமிழ்நாட்டில் 7 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கு ஒரு பேப்பர் வந்தாலும் அது டீக்கடைக்குத்தான் வந்தது. ஒருவர் சத்தமாகப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அந்த பெஞ்சில் நமக்கு இடம் ஏது? வயல் வேலையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் காதில் விழுந்ததுதான் நமக்குச் செய்தி.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும், கூலி வேலைக்குப் போன பெண்களும் இரவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொண்டார்கள். நம்முடைய சுய உதவிக் குழுக்களும் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்குப் பரவின. கைநாட்டு வைத்த பலர் கையெழுத்துப் போடப் பழகியது குழுக் கூட்டத்தில்தான். இவ்வளவு பாடுபட்டு நம் கைக்கு வந்த எழுத்து, இன்று போன் வழியாக நிமிஷத்துக்கு ஒன்றாக வந்து கொட்டுகிறது. அதை எப்படிக் கையாள்வது என்பதுதான் இப்போதைய கேள்வி.

இரண்டு ஊர், இரண்டு செய்தி

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊர்களில் கடல் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்பதை இன்டர்நெட்டில் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு என்ற மீனவர் ஊருக்கு சிங்கப்பூரில் இருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த ஊர்ப் பிள்ளை. கடல் கொந்தளித்து வருகிற செய்தி தெரிந்து தன் குடும்பத்தைக் கூப்பிட்டு எச்சரித்தார். உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தார்கள். ஊர் மக்கள் ஓடிப்போய் உயிர் பிழைத்தார்கள். படகும் வீடும் சேதமானாலும் மனிதர்கள் மிஞ்சினார்கள்.

இன்னொரு ஊரையும் பார்ப்போம். 2018-இல் 'பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது' என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. அந்த வருஷம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு, கூட்டம் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்து போனார். அவர் யாருடைய பிள்ளையையும் பிடிக்க வரவில்லை. சாமி கும்பிட வந்தவர்.

இரண்டும் போனில் வந்த செய்திகள். இரண்டுமே ஆபத்து என்று சொன்ன செய்திகள். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நல்லவாட்டில் சொன்னவர் யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் பொய் சொல்லமாட்டார் என்றும் தெரியும். போளூர்ப் பக்கம் பரவிய செய்தியை முதலில் சொன்னது யார் என்று அனுப்பிய ஒருவருக்கும் தெரியாது. 'எல்லோரும் சொல்றாங்க' என்பதுதான் சாட்சியாக இருந்தது.

அனுப்பும் முன் நான்கு கேள்விகள்

1. முதலில் சொன்னது யார்? அனுப்பியவர் நம் அண்ணியாக இருக்கலாம். ஆனால் அவருக்கு யார் சொன்னார்கள்? வாட்ஸ்அப் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும். அந்தக் கம்பெனியே கடிவாளம் போட்டிருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

2. எந்த ஊர், எந்தத் தேதி? பழைய படத்தை இன்று நடந்தது போல அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஊரும் தேதியும் இல்லாத செய்தி, தேதி போடாத ரசீது மாதிரி.

3. நம்மிடம் எதையாவது கேட்கிறதா? 'கடன் தள்ளுபடி, இந்த லிங்கைத் தொடவும்', 'ஓ.டி.பி. சொல்லவும்' என்று வந்தால் கிட்டே போகவேண்டாம். பேங்க் எதுவும் போனில் ஓ.டி.பி. கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

4. யாரிடம் விசாரிக்கலாம்? மருத்துவச் செய்தி என்றால் கிராம செவிலியர் இருக்கிறார். பயிர் நோய் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணம் கிடையாது. அரசுத் திட்டம் என்றால் பஞ்சாயத்து அலுவலகம். அங்கே பதில் கிடைக்காவிட்டால், 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டுவரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டுகிறோம். நம் காசில் நடக்கிற நூலகத்துக்குள் நம்மில் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்?

கூட்டத்தில் பத்து நிமிஷம்

சேமிப்பும் கடனும் பேசி முடித்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அந்த வாரம் வந்த ஒரு செய்தியை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் எல்லோரும் சேர்ந்து கேட்போம். விசாரிக்கும் பொறுப்பை ஒரு உறுப்பினர் ஏற்று, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லட்டும். சொந்தமாகப் போன் இல்லாத அக்காக்களும், வீட்டில் போன் ஆண்கள் கையிலேயே இருக்கிற தங்கைகளும் நம் குழுவில் உண்டு. அவர்களுக்கு நல்ல தகவல் சேர்கிற இடம் குழுக் கூட்டமாகத்தான் இருக்கமுடியும்.

தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது செல்போனுக்கும் பொருந்தும். சந்தேகமான ஒரு செய்தி நம் கையோடு நின்றுவிட்டால், யாரோ ஒரு பாட்டி சாமி கும்பிட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்புவார்.