கண்ணாடிக்குள் உறைந்த காரைக்குடி மழை

அரையாண்டு விடுமுறை. காரைக்குடியில் இரண்டு நாளாக விடாத மழை. நனைந்த குடைகள், சேறு அப்பிய செருப்புகள் எல்லாவற்றையும் அப்படியே காருக்குள் போட்டுக்கொண்டு நான்கு பேர் ஊட்டிக்குக் கிளம்பினோம். இரவு ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் தங்கினோம். அங்கே மழையும் இல்லை, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் காரின் முன்கண்ணாடி வெள்ளைவெளேரென்று இருந்தது. வெளிப்பக்கம் படிந்திருந்த உறைபனியைத் துடைத்தேன். வெள்ளை போகவில்லை. கதவைத் திறந்து உள்பக்கம் விரலை வைத்தபோதுதான் நகத்தில் பனிப்பொடி ஒட்டியது.

பூட்டிய காருக்குள் பனி எப்படி நுழைந்தது? நாங்கள்தான் கொண்டுபோயிருந்தோம்.

காருக்குள் அடைபடும் காற்று ஏறத்தாழ 3 கன மீட்டர். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 30 முதல் 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். நான்கு பேர் என்றால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதில் கொஞ்சம் இருக்கையிலும் கால்மிதி மேட்டிலும் தங்கிவிடும். ராத்திரி கார் குளிரக் குளிர, காற்றால் தாங்க முடியாத நீராவி உள்ளே எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் படியும். நனைந்த மேட் விடியும்வரை மேலும் ஆவியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பக்கக் கண்ணாடிகளில் வெறும் மூட்டம்தான். பனிக்கட்டி முன்கண்ணாடியில் மட்டும். காரணம் வானம். எல்லாப் பொருளும் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுகிறது. மேகமூட்டம் இருந்தால் அது அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானம் அவ்வளவு திருப்பித் தருவதில்லை. செங்குத்தான பக்கக் கண்ணாடி பாதிக்குப் பாதி சுவரையும் வேலியையும் பார்த்து நிற்கிறது. சரிந்த முன்கண்ணாடியோ வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதனால் சுற்றியுள்ள காற்று 0 டிகிரிக்குக் கீழே போகாதபோதே முன்கண்ணாடி உறைநிலைக்கு இறங்கிவிடும்.

இந்த உத்தியை நம் நாட்டார் எப்போதோ கையாண்டிருக்கிறார்கள். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில், வைக்கோல்போல் காய்ந்த தட்டைகள் பரப்பிய குழிகளில் ஆழமில்லாத மண்தட்டுகளை அடுக்கி நீர் ஊற்றிப் பனிக்கட்டி எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் விவரித்தார். நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அது என்று பலர் நம்பினார்கள். வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814-ல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில், தட்டுகள் வானத்துக்கு வெப்பத்தை இழப்பதே முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். அலகாபாத் மண்தட்டுக்கும் தலைக்குந்தாவில் நின்ற காருக்கும் நடந்தது ஒன்றுதான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அன்று காலை பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ராத்திரியே கண்ணாடி மேல ஒரு சாக்கப் போட்டிருக்கணும் சார்" என்றார். முழுக்கச் சரி. சாக்கோ அட்டையோ கண்ணாடிக்கும் வானத்துக்கும் நடுவே வந்துவிட்டால் கண்ணாடி அவ்வளவு குளிராது, உள்பக்கமும் தப்பிக்கும். பூட்டுமுன் நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்துவைத்து, வெப்பமும் ஈரமுமான காற்றை வெளியேற்றிவிடுவதும் நல்லது.

படிந்த பிறகு? வெந்நீர் ஊற்றவே கூடாது, கண்ணாடி விரிசல் விடக்கூடும். ஹீட்டரைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி பொத்தானை மாற்ற வேண்டும். குளிராக இருக்கிறதே என்று உள்காற்றையே சுற்றவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. 0 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றையும் 25 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஊட்டியின் பனிக்காற்று, சூடேறியதும் தாகமெடுத்த காற்றாகிறது. கண்ணாடியில் உள்ளதைக் குடித்துவிடும். எஞ்சின் சூடேறும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, உருகுமுன் துணியால் எடுத்துவிடலாம். கையால் தேய்த்தால் விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும். சுத்தமான கண்ணாடியில் நீர் மெல்லிய படலமாகப் பரவும், வழி ஓரளவு தெரியும். அழுக்குக் கண்ணாடியில் அதே நீர் துளித்துளியாக நின்று ஒளியைச் சிதறடிக்கும்.

காரைக்குடியில் பனிக்கட்டி ஏது? ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் உண்டு. இங்கே வெளிக்காற்றே ஈரம். பீங்கான் சாடியில் ஆயா கொட்டிவைத்த கல்லுப்பு அந்த மாதங்களில் கசிந்து நிற்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். இந்தக் காற்றைச் சூடாக்கினால் மட்டும் போதாது, உலர்த்தவும் வேண்டும். அந்த வேலையை ஏசி செய்கிறது. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அது பிழிந்தெடுத்த ஈரம்தான். ஏசியை அதிகம் குளிரவிட்டால் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். அப்போது வைப்பர் போட்டுக் குளிரைக் குறைத்தால் போதும். மூட்டம் எந்தப் பக்கம் என்பதை ஒரு விரல் சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்து மூட்டம் திரும்பத் திரும்ப வந்தால் ஈரத்தின் ஊற்றைத் தேட வேண்டும். ஊர் திரும்பியதும் முன்னிருக்கை மேட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சை அழுத்தினால் தண்ணீர் வந்தது. ஏசி நீர் வெளியேறும் குழாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. வெளியே சொட்ட வேண்டியது அத்தனையும் உள்ளேயே இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு முற்றம் இருக்கிறது, ஈரம் மேலேறிப் போய்விடும். காருக்கு அது இல்லை. குழாயைக் குத்திவிட்டு, மேட்டையும் பஞ்சையும் வளவு முற்றத்தில் விரித்தேன். காய மூன்று நாள் பிடித்தது.