புலிக்கு 240 கோடி, பைனுக்கு 2,200 கோடி

“பைன் மரத்துக்குப் புலியைவிட டி.என்.ஏ. அதிகமாமே, அப்படியானால் புலியைவிட அது உயர்ந்த உயிரா?” என்று சேலையூரிலிருந்து ஒரு பள்ளி மாணவர் கேட்டிருக்கிறார்.

அதிகம்தான், தம்பி. தென்கொரிய உயிரியல் பூங்கா ஒன்றில் இருந்த சைபீரியப் புலியின் மரபணுத் தொகுதி 2013-இல் வெளியானது. சுமார் 240 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மறு ஆண்டே அமெரிக்காவின் லாப்லாலி பைனைப் படித்தார்கள், 2,200 கோடி! நமக்கே 300 கோடிதான். அந்தப் பெருந்தொகுதியின் பெரும்பகுதியை ஒரே ஒரு விதையிலிருந்து எடுத்தார்கள் என்பது கூடுதல் வியப்பு.

ஆனால் அதில் நூற்றுக்கு 80-க்கும் மேல் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். தன்னைத் தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் உண்டு. பைன் குடும்பத்தில் அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கழியாமல் சேர்ந்துவிட்டன. என் மாமனார் தாம்பரத்து மனைப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுப்பார், அந்த ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுப்பார். பீரோ நிறைந்ததே தவிர, மனை அதே அரை கிரவுண்டுதான்.

எழுத்துகளின் எண்ணிக்கையை விடுங்கள். எந்த எழுத்து மாறுகிறது என்பதில்தான் விஷயம். அதைப் பார்க்க வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனால் போதும். அங்குள்ள வெள்ளைப் புலி தனி இனமல்ல. எஸ்.எல்.சி.45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற, புரதத்தின் 477-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. மஞ்சள் நிறமி அற்றுப்போகிறது. கறுப்பு வரிகள் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறிய எழுத்து வந்தால்தான் குட்டி வெள்ளை.

இங்கேதான் மனிதன் புகுந்தான். 1951-இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற வெள்ளைப் புலியை அதன் மகள் ராதாவுடனேயே சேர்த்து, 1958-இல் வெள்ளைக் குட்டிகள் எடுத்தார்கள். இன்று உலகக் கூண்டுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். உறவுக்குள்ளேயே உறவு, பலவற்றுக்கு மாறுகண் வேறு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்தக் கூண்டின் முன்தான் முண்டியடிக்கிறது. பக்கத்தில் சாதாரண வரிப்புலி ஆள் இல்லாமல் நடைபோடுகிறது.

வெள்ளைக்காகவே புலி வளர்ப்பதை நிறுத்திவிடலாம். காட்டுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.