பழைய பிக்கப்பின் முன்பக்கம்: ஆட்டமும் பிரேக்கும்

பழைய பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் சஸ்பென்ஷனும் பிரேக்கும் தனித்தனி வேலைகள் அல்ல. சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற ஒரே இரும்புத் துண்டில்தான் பால் ஜாயிண்ட், டை ராட், பேரிங், பிரேக் காலிப்பர் எல்லாம் வந்து சேர்கின்றன. அவற்றில் ஒன்று தேய்ந்தால், அந்தக் கோளாறு இன்னொன்றின் முகத்தில் தெரியும்.

அமெரிக்காவின் செவர்லே சி-10 இதற்கு நல்ல உதாரணம். 1960-ஆம் ஆண்டு மாடலில் முன்பக்கத்து ஒற்றை அச்சு போய், இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. முதலில் அதற்கு முறுக்குக் கம்பிகள் இருந்தன. 1963 முதல் காயில் ஸ்பிரிங். 1967-இல் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துப் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். 1971-இல் முன்சக்கரங்களுக்கு டிரம் மாறி டிஸ்க் பிரேக் வந்தது. இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த டிஸ்க் வண்டிகளைப் பற்றியது.

ஸ்பானரை எடுக்குமுன் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதி வேலை இதுதான். பலர் தவிர்ப்பதும் இதைத்தான். சி-10-இல் நக்கிளைச் சேசிஸோடு இணைக்கும் மேல்கை, கீழ்க்கை (கண்ட்ரோல் ஆர்ம்) இரண்டில், ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஜாக்கியைக் கீழ்க்கையின் வெளிமுனைக்கு அடியில் வைக்க வேண்டும். சேசிஸுக்கு அடியில் வைத்தால் ஸ்பிரிங் கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பால் ஜாயிண்ட் இறுகி நிற்கும், தேய்மானம் தெரியாது. சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் டயருக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினால், கீழ் ஜாயிண்டின் ஆட்டம் கைக்குத் தெரியும்.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் உதவியாள் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மறுபடி ஆட்ட வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால் டை ராட் முனைகளையும் ஐட்லர் ஆர்மையும் பார்க்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றுவது பணத்தை வீணாக்கும் வழி.

பிரித்தெடுப்பதில் உண்மையான ஆபத்து காயில் ஸ்பிரிங்தான். ஜாயிண்டைக் கழற்றியதும், அழுத்தி வைத்திருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபடக்கூடும். எனவே வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க, கீழ்க்கையைத் தனி ஜாக்கி தாங்க, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேசிஸோடு கட்ட வேண்டும். பால் ஜாயிண்ட் நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்தே நக்கிளைத் தட்டி விடுவிப்பார்கள். அதன் பிறகே நட்டைக் கழற்றி ஜாக்கியை மெல்ல இறக்குவது.

மேல் ஜாயிண்ட் தொழிற்சாலையிலிருந்து ரிவெட் அடித்து வரும். அதை அறுத்துவிட்டுப் புதியதை போல்ட்டால் மாட்டலாம். கீழ் ஜாயிண்ட் அழுத்திச் செருகப்பட்டது. அதற்குப் பிரஸ் கருவி வேண்டும். மேல்கையின் ஷாஃப்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இருக்கும். முன்சக்கர அமைப்பின் சாய்வுக் கோணங்களான கேம்பரும் காஸ்டரும் அவற்றைக் கொண்டே சரிசெய்யப்படுகின்றன. எந்த போல்ட்டில் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளாமல் உருவிவிட்டால் பிறகு தேட வேண்டியிருக்கும். டை ராட் முனையைக் கழற்றும்போதும் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வது நல்லது. ரப்பர் புஷ் மாட்டிய போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று விரைவில் கிழிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே பிரேக். சி-10-இல் டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு. ஆகவே டிஸ்க்கைக் கழற்றினால் பேரிங்கும் வெளியே வரும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, புதியதை உருளைகளுக்கு இடையில் அழுத்தி அடைக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 16 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, தளர்த்தி, விரலால் மறுபடி இறுக்கி, பிறகு ஸ்பிளிட் பின் துளைக்கு ஏற்பச் சற்றே தளர்த்துவார்கள். கடைசியில் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை ஆட்டம் மிஞ்ச வேண்டும். பேரிங்கை இறுக்கமாக வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. அப்படி வைத்தால் சூடேறி எரிந்துவிடும்.

உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்திருக்கலாம். பிரேக் விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே நின்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, பிரேக் ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். இடது காலிப்பரையும் வலது காலிப்பரையும் மாற்றி மாட்டினால் ஏர் எடுக்கும் திருகு கீழ்ப்பக்கம் வந்துவிடும். எத்தனை முறை மிதித்தாலும் காற்று வெளியேறாது. டிஸ்க்கைக் கடையும்போது, அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகக்கூடாது.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். எனவே தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே முறை. டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பது 140 டிகிரி மட்டுமே. நெடுநாள் மாற்றாத ஆயிலோடு மலைப்பாதையில் இறங்கினால் பெடல் தரையைத் தொடுவது இதனால்தான். திறந்து வைத்த டப்பாவின் மிச்சத்தை ஊற்றுவதில் அர்த்தமில்லை. காற்று எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கும்: வலப் பின், இடப் பின், வல முன், இட முன். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இதுவே வரிசை.

வீல் அலைன்மெண்ட் செய்வது மற்ற எல்லாம் முடிந்த பிறகே. முன்பே செய்தால் இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும். புதிய பேட்கள் டிஸ்க்கோடு படிய, மிதமான வேகத்தில் இடைவெளி விட்டுப் பலமுறை மிதித்து நிறுத்தி, நடுவே ஆறவிட வேண்டும். சிறிது தூரம் ஓடிய பின் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கி, ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.