ஓட்டமும் இல்லறமும்

நெடுந்தூர ஓட்டம் இன்று விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. ஆசிரியரும் செவிலியரும் அலுவலகப் பணியாளரும் விடியற்காலையில் எழுந்து ஓடுகின்றனர். உடல்நலம் பேண இது நல்ல வழியே. ஆயினும், மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதற்கு ஆயத்தமாவோர் பல மாதங்கள், வாரத்தில் நான்கைந்து நாட்கள் பயிற்சி செய்கின்றனர். ஒரு நாளின் நீண்ட ஓட்டத்திற்கு மட்டுமே இரண்டு மூன்று மணி நேரம் சென்றுவிடும். இந்நேரம் எங்கிருந்து வருகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

கண்டாச்சிபுரம் போன்ற ஊரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறார். மனைவி பகலில் விழுப்புரம் சென்று பணியாற்றுகிறார். ஒருவர் வீடு திரும்பும் வேளையில் மற்றவர் புறப்படுகிறார். இருவரும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரமே. கணவர் ஓடத் தொடங்கினால், அவர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரமாகவே இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், தண்ணீர் பிடிப்பதும், அடுப்பைக் கவனிப்பதும் மனைவியின் தோள்மேல் விழுகின்றன. வாய் திறந்து சொல்லாத மனக்குறை இங்கேதான் வேர்விடுகிறது.

இரண்டையும் இசைவாக நடத்தியோர் உண்டா? உண்டு. கேரளத்தில் பிறந்த ஷைனி ஆபிரகாம், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதியை எட்டியவர். நீச்சல் வீரர் வில்சன் செரியனை 1988இல் மணந்தார், 1990இல் தாயானார். சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் பணியும் இருந்தது. இவற்றிற்குப் பின்னரே, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றார். 1995இல் சென்னை தெற்காசிய விளையாட்டு விழாவில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். அவரது ஓட்டம் நெடுந்தூர ஓட்டம் அன்று. எனினும், பயிற்சியின் அருமையைத் தாமே அறிந்த ஒருவர் துணைவராய் வாய்த்தது சிறிய பேறு அன்று.

ஜப்பானியரான யூகி கவாவுச்சி அரசுப் பள்ளியொன்றில் அலுவலராய் இருந்தார். பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் வேலை அது. பிற வீரர்கள் நாளுக்கு இருமுறை பயிற்சி செய்ய, அவர் வேலை நாட்களில் காலையில் ஒருமுறையே ஓடினார். நீண்ட ஓட்டத்தை விடுமுறை நாளுக்கு ஒதுக்கினார். 2018இல் பாஸ்டன் மாரத்தானில் வென்றார். தமக்குக் கிடைத்த நேரத்திற்குள் தம் பயிற்சியை அடக்கிக்கொண்டதே அவரிடம் நாம் கற்க வேண்டியது.

ஆகவே, ஓட விரும்பும் கணவனும் மனைவியும் வாரத்தில் ஒருமுறை பணி நேரங்களை முன்வைத்து ஒன்றாக அமரட்டும். இருவரும் சேர்ந்து உண்ணும் வேளையையும் ஞாயிறு திருப்பலியையும் முதலில் குறிக்கட்டும். ஓட்டத்திற்கு எஞ்சிய நேரத்தில் இடம் தேடட்டும். ஓட்டப் போட்டிகள் பலவும் ஞாயிறு விடியலில் நடைபெறுவதால், இம்முன்யோசனை மிகவும் வேண்டும். இரவுப் பணி முடித்தவர் உறங்கி எழுந்த பின்னரே ஓடட்டும். வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேர உறக்கம் தேவை. அதைக் குறைத்து ஓடினால் உடலும் தளரும், சினமும் மிகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கணவர் ஓடச் செல்லும்போது வீட்டை மனைவி பார்த்துக்கொள்வது இயல்பென எண்ணுகிறோம். மனைவி ஓட விரும்பினால், அந்த நேரத்தில் அடுப்பை மூட்டவும் பிள்ளைக்குத் தலைவாரிவிடவும் கணவர் முன்வருகிறாரா? அவரும் மருத்துவர் சொல்லும் நடைக்கோ ஓட்டத்திற்கோ உரியவரே அன்றோ!

ஓடுவதற்குரிய நேரம் கேட்டுப் பெறப்பட வேண்டும். பெற்றதற்கு ஈடாக மற்றவர்க்கும் ஒரு மணி நேரம் கொடுக்கப்பட வேண்டும். கேளாமல் எடுத்துக்கொள்ளும் நேரம், எத்தனை பதக்கங்கள் வந்தாலும், இல்லத்தில் கடனாகவே நிற்கும்.