இருபது லிட்டருக்கு எவ்வளவு எண்ணெய்?

ஓலே எவின்ரூட் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்தியவர். 1909இல் அவர் விற்கத் தொடங்கிய படகு மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். துடுப்பு வலித்தே ஏரியைக் கடந்து பழகியவர்களுக்கு அது பெரிய விடுதலை. மோட்டாருடன் ஒரு புதிய வேலையும் வீட்டுக்கு வந்தது. பெட்ரோலை அப்படியே டாங்கில் ஊற்ற முடியாது. எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த வேலை ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்தது. சில கரைகளில் இன்னும் முடியவில்லை.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. கார் எஞ்சினில் எண்ணெய் அடியில் ஒரு தொட்டியில் கிடக்கும். பம்பு அதை எடுத்துச் சுற்றிவிடும். இந்தப் படகு மோட்டார்களில் இருந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த அடிப்பாகம்தான் எரிபொருள் வந்துபோகும் வழி. பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படும். கீழிறங்கும்போது அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் ஏறும். அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லை. எனவே பெட்ரோலோடு சேர்ந்து வரும் எண்ணெய், போகிற வழியில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து புகையாக வெளியேறும்.

எவ்வளவு எண்ணெய் என்பதுதான் கேள்வி. பழைய மோட்டார்களில் கிராங்க் தண்டு வெண்கலப் புஷ்களில் சுழன்றது. புஷ்ஷுக்கு எண்ணெய் நிறைய வேண்டும். 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்பது அன்று சாதாரணக் கணக்கு. 20 லிட்டருக்கு ஒன்றேகால் லிட்டர். பிறகு 24:1 வந்தது, 20 லிட்டருக்கு 830 மில்லி. ஊசி பேரிங்குகள் பரவி, எண்ணெயின் தரமும் உயர்ந்த பிறகு, 1960களின் நடுப்பகுதியில் 50:1 நிலைபெற்றது. அதே 20 லிட்டருக்கு இப்போது 400 மில்லி போதும். 1980களில் சில சிறிய மோட்டார்களுக்கு 100:1 என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள்; கொஞ்ச காலத்தில் 50க்கே திரும்பினார்கள். குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

50:1 என்பது நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமான கணக்கு அல்ல. பஜாஜ் ஸ்கூட்டரும் டிவிஎஸ் 50ம் ஓடிய காலத்தில் பெட்ரோல் பங்கில் "லிட்டருக்கு இருபது மில்லி" என்று கேட்டு 2டி ஆயில் ஊற்றி வந்தோமே, அதே விகிதம்தான். எண்ணெய் மட்டும் ஒன்றல்ல. காற்றில் குளிரும் ஸ்கூட்டர் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடும். கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் படகு மோட்டார் அதைவிடக் குளிர்ந்த நிலையில் ஓடும். படகு எண்ணெயில் சாம்பல் விடும் உலோகச் சேர்மானங்கள் கூடாது. சேர்ந்தால் பிளக்கில் கரி கட்டும். அதற்கென்று டிசி-டபிள்யூ3 என்ற தரம் பின்னால் வந்தது. தொடக்க காலத்தில் இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. கார் எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதும் படகுப் பயணத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

கலப்பதற்கும் ஒரு முறை உண்டு. டாங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் பெட்ரோல், அதன்மேல் அளந்த எண்ணெய் முழுவதும். மூடிக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். எண்ணெயை முதலில் ஊற்றிக் குலுக்காமல் விட்டால் அது அடியில் தங்கும்; மோட்டார் முதலில் புகைந்து திணறும், பிறகு எண்ணெயில்லாமல் வறளும். ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் எளிதில் பிரியாது. எண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்க்கத் தொடங்கிய பின் கலந்த டாங்க் எது, கலக்காதது எது என்று கண்ணாலேயே தெரிந்தது. புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரம் இரட்டிப்பு எண்ணெய் ஊற்றும் வழக்கமும் இருந்தது.

இந்த வேலையை மனிதன் கையிலிருந்து எடுத்தது பம்பு. 1984இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த ஓஎம்சி நிறுவனம், எண்ணெயைத் தனிக் குடுவையில் வைத்துத் தேவைக்கேற்பப் பெட்ரோலில் கலக்கும் பம்பைக் கொண்டுவந்தது. முழு வேகத்தில் 50:1, மெதுவாக ஓடும்போது 150:1 வரை. அதே காலத்தில் யமஹாவும் தானாக எண்ணெய் செலுத்தும் மோட்டார்களோடு அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. அளக்க வேண்டாம், குலுக்க வேண்டாம், புகையும் குறைவு. வேறென்ன வேண்டும்?

ஆனால் வாங்கியவர்களில் பலர் அந்தப் பம்பைத் துண்டித்துவிட்டுப் பழையபடி டாங்கில் கலக்கத் தொடங்கினார்கள். இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். கலந்த பெட்ரோலில் ஓடும் மோட்டாருக்கு எண்ணெய் தனியாகத் தீர்ந்துபோக வழியில்லை. பெட்ரோல் இருக்கும்வரை எண்ணெய் இருக்கும். பெட்ரோல் தீர்ந்தால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். பம்பு வந்த பிறகு இரண்டும் பிரிந்துவிட்டன. பம்பு பழுதானாலும் பெட்ரோல் வந்துகொண்டேயிருக்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டேயிருக்கும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும் நிமிடம் வரை. எச்சரிக்கை ஒலி வைத்தார்கள். அந்த ஒலியும் ஒரு கம்பியை நம்பித்தான் இருந்தது. கையால் கலந்தபோதும் தவறு நேராமல் இல்லை. மறதி, அளவுப் பிசகு, ஏற்கெனவே கலந்ததில் மீண்டும் கலப்பது எல்லாம் உண்டு. அந்தத் தவறுகள் கரையில் நடந்தன. பம்பின் தவறு கடலில் நடந்தது.

டூ ஸ்ட்ரோக்கை வீழ்த்தியது இந்தச் சச்சரவு அல்ல, தண்ணீர்மேல் மிதந்த வானவில் படலம். பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும் எரியாமலே வெளியேறும். புதுக் கலவை உள்ளே வரும் வாசலும் புகை வெளியேறும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதுதான் கோளாறு. 1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை புதிய விதி வகுத்தது. 1998 முதல் 2006 வரை படிப்படியாக ஹைட்ரோகார்பன் கழிவை 75 விழுக்காடு குறைக்க வேண்டும். டாஹோ ஏரியில் 1999லேயே கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை வந்தது. ஹோண்டா 1964லிருந்தே ஃபோர் ஸ்ட்ரோக் படகு மோட்டார் செய்துவந்தது. கனமென்று பலர் ஒதுக்கிய அந்த வழிக்கே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நவீன டூ ஸ்ட்ரோக்கோடு எவின்ரூட் சில காலம் எதிர்த்து நின்றது. 2020இல் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. நூற்றுப் பதினோரு ஆண்டுகள்.

இன்று அமெரிக்க ஏரிகளில் ஓடும் புது மோட்டாருக்கு எண்ணெய், காரைப் போலவே, அடித்தொட்டியில் இருக்கிறது. நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். புகையும் இரைச்சலும் குறைவு, எரிபொருள் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். தண்ணீரும் தெளிந்தது. இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் கதை வேறு. இங்கே ஃபைபர் படகுகள் பலவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக்தான். பெட்ரோலில் தொடங்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரைக் கழுவிவிடுவார்கள். மண்ணெண்ணெயிலும் எண்ணெய் கலந்தாக வேண்டும். 1990களில் போர்த்தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோல் வர முடியாதிருந்தபோது கார்களையே சில துளிப் பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் அது.

மணலில் இழுத்தேற்றும் படகில் மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிப் போகிறவருக்கு எடை முக்கியம். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பல 50 கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தரையில் சாய்ப்பதற்கும் பக்கம் பார்க்க வேண்டும். தவறான பக்கம் கிடத்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. திருத்தவும் ஒரு ஸ்பேனர் பையும் பக்கத்து வீட்டு மெக்கானிக்கும் போதும்.

இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அன்று பெட்ரோல் 450. ஐந்தில் ஒரு பங்கு விலையில் ஓடிய எஞ்சின் நான்கில் மூன்று பங்கு விலைக்கு வந்துவிட்டது. எண்ணெய்ச் செலவு தனி. மூன்றில் ஒரு பங்கு எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக்கின் பக்கம் கணக்கு சாயத் தொடங்கியது அன்றுதான். அந்தப் புது எஞ்சினை வாங்கும் முதல் தொகை மட்டும் இன்னும் மீனவர் கைக்கு எட்டவில்லை.