பழைய ஐபாடுக்குப் புது பேட்டரி

ஆப்பிள் நிறுவனம் ஐபாட் கிளாசிக் விற்பனையை 2014 செப்டம்பரில் நிறுத்தியது. அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. ஆனாலும் பழைய ஐபாடுக்கு வேண்டிய பேட்டரி, பின்மூடி, ஹெட்போன் ஜாக் எல்லாம் இன்றும் இணையக் கடைகளில் புதிதாகவே கிடைக்கின்றன. வாங்குகிறவர்களில் பழம்பொருள் பிரியர்களும் உண்டு. ஆனால் பாட்டுக் கேட்பதைப் போனிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த எண்ணம் நியாயமானது. பாட்டை மாற்றலாம் என்று போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் ஏதோ வந்திருக்கிறது. பதில் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு அறிவிப்பு. பாட்டு ஓடிக்கொண்டிருப்பதே பிறகு எப்போதோதான் நினைவுக்கு வருகிறது. இதற்கு நம் மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் ஒரே கருவியில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். ஐபாட் கிளாசிக்கில் வைஃபை இல்லை, சிம் இல்லை. நடக்கப் போகும்போதும் பேருந்தில் போகும்போதும் போன் பைக்குள் கிடக்கட்டும். அழைப்பு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கூடவே போனில் உள்ள பாட்டுச் செயலியை நீக்கிவிடுங்கள். அது இருக்கிற வரைக்கும் ஐபாட் மேசை டிராயரை விட்டு வெளியே வராது.

கழற்றிப் பழுது பார்க்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது 2005 அக்டோபரில் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட், அல்லது 2006 செப்டம்பரில் வந்த அதன் திருத்திய வடிவம். அதன் முகப்பு பிளாஸ்டிக், முதுகு உலோகம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து, சுற்றிலும் உள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் திறந்துகொள்ளும். 2007 முதல் வந்த கிளாசிக்கில் முகப்பும் உலோகம்தான். இரண்டு தகடுகளும் இறுகக் கவ்விக்கொண்டிருப்பதால், பழகாத கை பட்டால் விளிம்பு வளைந்துவிடும். வளைந்ததைப் பழையபடி நேராக்குவது பெரும்பாடு. ஐந்தாம் தலைமுறையில் உள்ள வுல்ஃப்சன் நிறுவனச் சில்லின் ஒலி தனி ரகம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டால் இரண்டுமே நன்றாக இருக்கும். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பழையதை வாங்கும்போது ஹோல்டு சுவிட்ச், சக்கரம், இரண்டு காதிலும் ஒலி வருகிறதா என்ற மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஹார்டு டிஸ்கின் நலத்தை ஐபாடே சொல்லும். மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் ஐபாட் அணைந்து மறுபடி எழும். ஆப்பிள் சின்னம் தெரிந்ததும், நடுப் பொத்தானையும் முந்தைய பாட்டுக்குப் போகும் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் சோதனைத் திரை வரும். அதில் ஹார்டு டிஸ்க் பகுதியில் ‘ரீஅலாக்ஸ்’, ‘பெண்டிங் செக்டர்ஸ்’ என்ற இரண்டு எண்களும் பெரிதாக இருந்தால் டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். டிஸ்கை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், அதையே காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

உள்ளே முக்கியமாகத் தேய்வது பேட்டரியும் டிஸ்கும்தான். பேட்டரிக்கு ஒரு கதை உண்டு. 2003இல் நியூயார்க்கில் நைஸ்டாட் சகோதரர்கள் இருவர், ஐபாடின் பேட்டரியை மாற்ற முடியாது, அது 18 மாதம்தான் உழைக்கும் என்று ஐபாட் விளம்பரச் சுவரொட்டிகளின் மேலேயே பெயின்ட் அடித்து, அதைப் படம்பிடித்து இணையத்தில் விட்டார்கள். அன்று அப்படிச் சண்டைக்கு வந்த பேட்டரியை இன்று வீட்டு மேசையில் வைத்து மாற்றிவிடுகிறார்கள். ஒரே கவனம்: மூடி விலகியதும் விரித்து இழுத்துவிடாதீர்கள். பேட்டரிக்கு ஒன்றும் ஹெட்போன் ஜாக்குக்கு ஒன்றுமாக, மொபைல் கடைக்காரர்கள் ஸ்ட்ரிப் என்று சொல்கிற மெல்லிய பட்டைகள் இரண்டு பாதியையும் இணைத்திருக்கும். பட்டையைப் பிடித்திருக்கும் சிறு தாழ்ப்பாளை முதலில் நகத்தால் தூக்கிவிட்டு, பிறகுதான் பட்டையை உருவ வேண்டும். கை நடுங்கினால், போன் பேட்டரி மாற்றும் கடையில் பொருளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் தினமும் செய்கிற வேலைதான். பேட்டரி உப்பி முதுகு புடைத்திருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ மடக்கவோ செய்யாமல் எடுத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் 1.8 அங்குல அளவில் உள்ளே சுழல்வது. ஐபாட் அடுத்தடுத்த பாட்டுகளை முன்கூட்டியே நினைவகத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்கை நிறுத்திவிடும். சின்ன பேட்டரி அத்தனை நேரம் தாங்குவது இதனால்தான். டிஸ்கை எடுத்துவிட்டு, அதே இணைப்பில் மெமரி கார்டு பொருத்தும் சிறு பலகையைச் செருகலாம். ஐஃப்ளாஷ் என்ற பெயரில் வருவது பரவலாகப் புழங்குகிறது. சுழலும் பாகம் போய்விட்டால் கீழே விழுந்தாலும் பயமில்லை, சார்ஜும் கூடுதலாக நிற்கும், மிச்சமாகும் இடத்தில் பெரிய பேட்டரியும் வைக்கலாம். 2007, 2008 கிளாசிக்குகளில் ஆப்பிளின் மென்பொருள் சுமார் 128 ஜிபிக்கு மேல் கையாளாது என்பதை மனதில் வைத்துக் கார்டு வாங்குங்கள். மலிவு விலையில் போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பொருத்தியதும் கணினியில் இணைத்து ஐடியூன்ஸில் ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் ஐபாட் புதிதாக எழும். மேக் கணினியில் 2019க்குப் பிறகு இந்த வேலையை ஃபைண்டர் செய்கிறது.

ஐடியூன்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு ராக்பாக்ஸ் இருக்கிறது. 2001இல் ஆர்கோஸ் பிளேயருக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதைப் போட்டால் பென்டிரைவில் நகலெடுப்பதுபோல் பாட்டுக் கோப்புகளை நேரே போடலாம். ஃபிளாக் கோப்பும் பாடும். சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் போன்ற சிறிய பிளேயர்களிலும் ராக்பாக்ஸ் ஓடும்.

பாட்டுச் சேர்ப்பதுதான் உண்மையான உழைப்பு. மாதச் சந்தாச் செயலிகளில் இறக்கிய பாட்டு அந்தச் செயலிக்குள்தான் பாடும், ஐபாடுக்கு வராது. வீட்டில் உள்ள சிடிகளைக் கணினியில் ஏற்றலாம். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் கோப்பாகவே விலைக்கு வாங்கலாம். எந்தப் பாட்டு வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் சேர்ப்பதே, போனில் கைக்கு வந்ததைத் தள்ளிக்கொண்டே போகும் பழக்கத்தை உடைக்கிறது. ஐபாட் மெனுவில் கம்போசர்ஸ் என்று ஒரு வரிசை இருக்கிறது. நாம் திரைப்பாடலை இசையமைப்பாளர் பெயரால்தானே தேடுகிறோம்! கணினியில் ஒவ்வொரு பாட்டின் விவரத்திலும் அந்தக் கட்டத்தில் இளையராஜா, எம்.எஸ்.விஸ்வநாதன் என்று நிரப்பிவிட்டால், சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் அவரவர் பாட்டு மொத்தமாக வந்து நிற்கும். பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. பழைய திரைகளில் தமிழ் எழுத்து சிதைந்து தெரியலாம்.

ஐடியூன்ஸ் வழியாக ஏற்றிய பாட்டுகளை ஐபாட், மறைவான ஒரு கோப்புறையில் புரியாத நான்கெழுத்துப் பெயர்களில்தான் வைத்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பிக் கணினியில் உள்ளவற்றை அழித்துவிட்டால், கார்டு கெட்ட அன்று சேர்த்ததெல்லாம் போய்விடும். மூலக் கோப்புகள் கணினியிலும், ஒரு நகல் வெளி ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும்.