கடல் கடந்த கரலாக்கட்டை

அயல் நாட்டில் உத்தியோகம் கிடைத்துப் புறப்படுகிறவனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒரு குடும்பத்தின் அன்பு முழுவதும் அதற்குள் அடைபட்டிருப்பதைக் காணலாம். ஆவக்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, வற்றல் வகைகள், தோசைக்கல், பிரஷர் குக்கர் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது பல விமானக் கம்பெனிகள் வகுத்துள்ள வரம்பு. அந்த 23 கிலோவும் நாக்கின் திருப்திக்கே செலவாகிவிடுகிறது. தேகத்தின் பங்குக்கு ஒரு கிலோவாவது ஒதுக்கியவர்களை நாம் இதுவரை கண்டதில்லை.

ஊரில் இருக்கும்வரையில் இது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. கறிகாய் வாங்க நடக்கிறோம். துணி உலர்த்த மாடி ஏறுகிறோம். தண்ணீர் வராத நாளில் குடம் சுமக்கிறோம். தேகாப்பியாசம் என்று பெயர் சூட்டாமலே அது நடந்துவிடுகிறது. கடல் கடந்ததும் அந்தப் பெயரில்லாத அப்பியாசம் முழுவதும் நின்று போகிறது. சோறு மட்டும் நிற்பதில்லை. ஐரோப்பியரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே தெற்கு ஆசிய மக்களுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது என்பது வைத்தியர்கள் கண்டறிந்துள்ள உண்மை. ஆதலால், "எனக்கென்ன, நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்?" என்ற சமாதானம் நம்மவர்களுக்குப் பயன்படாது.

ஜெர்மனி தேசத்தில் ஸ்டுட்கார்ட் நகரில் நம் தங்கை குடும்பத்தோடு வசிக்கிறாள். அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. டிசம்பர் மாதத்தில் அவ்வூரில் சூரிய பகவான் காலை எட்டு மணிக்கு மேல் எழுந்து, மாலை நாலரைக்குள் விடைபெற்றுக் கொள்கிறார். வேலைக்குப் போகிறவர் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார். வீட்டிலிருக்கும் பெண்களின் நிலையோ அதைவிட மோசம். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம், உள்ளே சூடேற்றிய அறை, பேச்சுத் துணைக்குச் சமையலறை. தங்கை ஒரு நாள், "அண்ணா, இங்கே வந்த பிறகு எனக்கு வியர்த்ததே கிடையாது" என்றாள். வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் இரத்தப் பரிசோதனைச் சீட்டு அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மைத்துனர் என்ஜினீயர். அவர் இதற்கு என்ஜினீயர் முறையிலேயே பரிகாரம் தேடினார். நின்ற இடத்தில் ஓடுவதற்கான டிரெட்மில் யந்திரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, நண்பர்கள் மூவர் துணையுடன் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். எடை ஏறத்தாழ 80 கிலோ. அது அவ்வீட்டில் பதினோரு நாள் வாழ்ந்தது. கீழ்வீட்டு மூதாட்டி பன்னிரண்டாம் நாள் காலையில் வந்து, மிகுந்த மரியாதையுடன், தம் வீட்டுச் சரவிளக்கு ஆடுவதாகத் தெரிவித்தார்.

அந்த அம்மாள் பேரில் பிழையில்லை. ஜெர்மானியர்கள் அமைதியைச் சொத்தைப்போல் காப்பாற்றுகிறவர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரையில் ஓசை கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை நாட்களும் ஓய்வுக்கு உரியவை. அவர்களுடைய அரசியல் சட்டமே ஞாயிற்றின் ஓய்வுக்குக் காப்பு அளிக்கிறது! பல வீடுகளில் நண்பகல் ஒன்று முதல் மூன்று வரையிலும் அமைதி காக்க வேண்டும் என்று வீட்டு விதிகள் கூறுகின்றன. யந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் மோட்டாரின் உறுமல் அடங்கும். ஆனால் குதிகால் விழும் அதிர்ச்சி தளத்தின் வழியே இறங்கிச் சுவர்களில் பரவுகிறது. அதை விரிப்பு முழுவதும் தடுப்பதில்லை. எனவே மாடி வீட்டில் ஓடுவதைக் காட்டிலும் மிதிப்பது மேல். நிலைத்த சைக்கிளையும் துடுப்பு வலிக்கும் கருவியையும் கீழ்வீட்டார் பெரும்பாலும் பொறுத்துக் கொள்வார்கள்.

வாங்குவது எங்கே என்பது அடுத்த கேள்வி. 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தில் உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபோது, மக்கள் கிடைத்த கருவியையெல்லாம் வாங்கி வீட்டை நிரப்பினார்கள். ஆர்வம் தணிந்த பின் அவற்றுள் எத்தனையோ துணி உலர்த்தும் கொடிகளாக மாறின. அந்தக் கொடிகள் இன்றும் விற்பனைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. 'கிளைன்அன்ட்சைகன்' என்ற சிறு விளம்பரத் தளத்தில் தேடினால், அடுத்த தெருவிலேயே ஒன்று கிடைக்கக்கூடும். ஆனால் விளம்பரத்தின் பாஷை தெரிய வேண்டும். விலைக்குப் பக்கத்தில் 'ஃபௌ.பே.' என்ற இரண்டெழுத்து இருந்தால் பேரம் பேசலாம். 'ஃபெஸ்ட்பிரைஸ்' என்றிருந்தால் வாயைத் திறக்க வேண்டாம். 'ஸெல்ப்ஸ்ட்அப்ஹோலர்' என்றால் வாங்குகிறவரே வந்து தூக்கிப் போக வேண்டும். 'ஃபூர் பாஸ்ட்லர்' என்று கண்டால், பழுது பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு மட்டுமே அது உரியது என்று அறிந்து விலகிவிடுவது நலம். 'ட்ஸு ஃபெர்ஷென்கன்' என்ற எழுத்துடன் வாசலில் ஏதேனும் இருந்தால் அது தானம், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளலாம். நகராட்சி வண்டி எடுத்துப் போவதற்காக வெளியே வைத்திருக்கும் பெரிய குப்பையோ வேறு விஷயம். அதில் கை வைப்பதைப் பல ஊர்கள் அனுமதிப்பதில்லை.

சைக்கிள் வாங்குகிறவர்கள் இரண்டு சொற்களின் பேதத்தை அறிய வேண்டும். 'ஹைம்டிரைனர்' என்பது சாதாரண நிலைச் சைக்கிள். 'எர்கோமீட்டர்' என்பது நாம் செலவிடும் சக்தியை வாட் கணக்கில் சரியாக அளந்து காட்டுவது. வைத்தியர் இத்தனை வாட் என்று அளவு குறித்திருந்தால் இதுதான் வேண்டும். கருவியின் சீட்டில் 'ஹெச்' என்ற எழுத்து வீட்டு உபயோகத்தையும், அதனுடன் சேரும் 'ஏ' உயர்ந்த துல்லியத்தையும், 'ஸி' தாழ்ந்த துல்லியத்தையும் குறிக்கும். எடைத் தட்டுகள் வாங்குவோர் நடுத் துளையை அளந்து பார்ப்பது அவசியம். வீட்டுக் கம்பிகளுக்கு 30 மில்லிமீட்டர் அளவும், ஒலிம்பிக் கம்பிகளுக்கு 50 மில்லிமீட்டரும் அங்கே வழக்கம். ஒன்றின் தட்டு மற்றொன்றில் பொருந்தாது. மின்சாரத்தைப் பற்றிக் கவலையில்லை: நம் நாட்டிலும் அங்கும் 230 வோல்ட்டுதான்; செருகியின் உருவம் மட்டும் வேறு. அமெரிக்காவிலிருந்து மாற்றலாகி வருகிறவர் தம்முடைய 120 வோல்ட் யந்திரத்தை அங்கேயே விற்றுவிட்டு வருவது உத்தமம்.

வாடகை வீட்டுச் சுவரும் நம்முடையதன்று. குடியேறும்போது மூன்று மாத அடிப்படை வாடகை வரையில் முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் வீட்டுக்காரருக்கு இடம் கொடுக்கிறது. சுவரில் கனத்த கருவிகளைத் திருகி மாட்டினால், வீடு காலி செய்யும் நாளில் ஒவ்வொரு துளையும் அந்தப் பணத்தை எட்டிப் பார்க்கும். அந்நாட்டுப் பள்ளிகளில் சுவரோடு சுவராக ஏணிபோல் நிற்கும் மரச்சட்டம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்வீடன் தேசத்துத் தேகப்பயிற்சி மரபிலிருந்து வந்தது அது; முதுகு நிமிர அதற்கு நிகரான சாதனம் குறைவு. ஆயினும் சொந்த வீடு இல்லாதவர் அதன்மேல் ஆசை வைக்க வேண்டாம்.

அப்படியானால் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் என்னதான் செய்வது? இதற்கு ஜெர்மானியர்களே இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றுத் தலை குனிந்திருந்த சமயம். லூட்விக் யான் என்ற உபாத்தியாயர் 1811-இல் பெர்லினுக்கு வெளியே ஹாஸன்ஹைட என்ற இடத்தில் மரக்கம்பங்களை நட்டு, இளைஞர்களைத் தொங்கவும் தாவவும் பழக்கினார். நமது பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பையன்களை ஏற்றிவிட்ட 'பாரலல் பார்' அங்கேதான் பிரசித்தி பெற்றது. தேகம் நிமிர்ந்தால் தேசம் நிமிரும் என்பது அவர் எண்ணம். அரசாங்கத்துக்கு அந்த நிமிர்ச்சி பிடிக்கவில்லை. 1819-இல் அவரைச் சிறையிட்டார்கள். பொது இடங்களில் அப்பயிற்சிக்கே 1842 வரையில் பிரஷ்யாவில் தடை இருந்தது. யானின் தேசபக்தியில் பிரெஞ்சுக்காரரிடமும் யூதரிடமும் கொண்ட துவேஷம் கலந்திருந்தது. அதை நாம் போற்ற வேண்டியதில்லை. அவர் நட்ட கம்பங்களைப் போற்றலாம்.

அந்தக் கம்பங்களிலிருந்து கிளைத்தவைதான் 'துர்ன்ஃபெரைன்' எனப்படும் உடற்பயிற்சிச் சங்கங்கள். ஹாம்பர்க் நகரில் 1816-இல் தோன்றிய சங்கம் இன்றும் நடக்கிறது. இன்று அந்நாட்டிலுள்ள விளையாட்டுச் சங்கங்கள் எண்பதாயிரத்துக்கும் அதிகம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். நம்மிலும் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் உண்டு. ஆனால் எட்டாம் நாள் அது இரண்டாகிவிடும்! அச்சங்கங்களில் சந்தா, வியாபார நிலையங்களில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் வெகு குறைவு. கருவிகள் சங்கத்தினுடையவை, சுவர் நகராட்சியினுடையது, கீழே மூதாட்டி இல்லை. தங்கை ஒரு மாதம் தயங்கினாள். பாஷை வராது, உடை ஒத்து வராது, யார் என்ன நினைப்பார்களோ என்று. பிறகு புதன்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்தாள். கையை மேலே தூக்கு, மூச்சை விடு என்பவற்றுக்கு எந்த இலக்கணமும் வேண்டியிருக்கவில்லை. அவள் கற்ற முதல் நூறு ஜெர்மன் சொற்களில் பாதி, உடலின் உறுப்புகள்! இப்படிப்பட்ட வகுப்புகளில் அங்கீகாரம் பெற்றவற்றுக்கு, நோய் வராமல் தடுக்கும் முறை என்ற வகையில், அரசாங்கச் சட்டப்படி நடக்கும் மருத்துவக் காப்புறுதி நிதிகள் செலவில் பெரும் பங்கைத் திருப்பித் தருவதும் உண்டு. சைக்கிள் வாங்கியதற்கு அவ்வாறு தருவதில்லை.

வெயில் காலத்துக்கு மற்றொரு வசதியும் இருக்கிறது. 1970-இல் மேற்கு ஜெர்மனியில் தொடங்கிய 'டிரிம் டிஹ்' இயக்கத்தின் பயனாகக் காடுகளினூடே நடைபாதை அமைத்து, வழியெங்கும் மரக்கட்டைகளையும் கம்பங்களையும் நிறுத்தினார்கள். காசில்லை, கதவில்லை.

ஆயினும் வீட்டிலும் ஏதேனும் ஒன்று இருந்தால் நல்லது என்று தங்கைக்குத் தோன்றியது. பழம்பொருள் சந்தை ஒன்றில் நாம் எல்லோரும் சுற்றிக்கொண்டிருந்தபோது, பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் இரண்டு மரக்கட்டைகள் கிடந்தன. அடி பருத்து, மேலே மெலிந்து, நுனியில் ஒரு குமிழ். விற்கிறவர் அவற்றை 'கொய்லன்' என்றார். பள்ளிக்கூடப் பயிற்சிக்குரியவையாம், இரண்டும் சேர்த்து 12 யூரோ. நமக்கு அவற்றைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. சிறிய உருவில் நம் கரலாக்கட்டையே அல்லவா!

இந்தக் கட்டை எப்படி அங்கே போயிற்று என்பது ஒரு கதை. இந்தியாவில் பணி புரிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் நமது பயில்வான்கள் சுழற்றுவதைக் கண்டு அதைப் பழகிக்கொண்டார்கள். 1830-களில் லண்டனில் வெளியான தேகப்பயிற்சிப் புத்தகங்களில் அது இடம் பெற்றுவிட்டது. 1861-இல் இங்கிலாந்தில் அதைப் பார்த்த கீஹோ என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் கடைசல் பிடித்து விற்கத் தொடங்கி, 1866-இல் அதற்கென ஒரு நூலும் எழுதினார். 'இந்தியக் கட்டை' என்றே பெயர். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுவதற்குப் பதக்கங்கள் வைத்தார்கள். இரண்டு தடவையும் மூன்று பதக்கங்களையும் அமெரிக்கர்களே வென்றார்கள். பெயர் மட்டும் நம்முடையது! இன்று பெண்கள் இசைக்கேற்ப ஆடும் ஜிம்னாஸ்டிக் போட்டியில் கையிலேந்தும் மெல்லிய கட்டைகளும் இதன் பேத்திகளே. இதற்கிடையில் நம் ஊர்களில் எத்தனையோ கரலாக்கட்டைகள் பரணில் ஏறிவிட்டன.

அயல் நாட்டு வாடகை வீட்டுக்கு இதைக் காட்டிலும் தகுந்த கருவியை நாம் காணவில்லை. கீழே போடாதவரையில் ஓசையில்லை, சுவரில் துளையில்லை, மூலையில் நின்றால் குடையைவிட அதிக இடம் கேட்பதில்லை. தோளும் மணிக்கட்டும் நாள் முழுதும் மேஜையில் கட்டுண்டு கிடக்கும் உத்தியோகஸ்தருக்கு, முதலில் அரைக் கிலோ கட்டையே போதும். வேகம் கூடும்போது அதுவே இரண்டு கிலோவைப்போல் இழுக்கும். கவனிக்க வேண்டியது கூரை ஒன்றுதான். பழைய காலத்து வீடுகளில் மூன்று மீட்டர் உயரம் சாதாரணம். புதிய வீடுகளில் இரண்டரை மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தங்கை குள்ளம், கையை உயர்த்திச் சுழற்றினாலும் கட்டை கூரைக்குக் கீழேயே திரும்பிவிடுகிறது. மைத்துனர் ஐந்தே முக்கால் அடி. அவர் நாற்காலியில் அமர்ந்தபடி, இரவு பத்து மணிக்குள், சுழற்றுகிறார்.